சாரமில்லை என்று சொல்லப் பழகுவது எப்படி?

தக்கலையில் பல வருடமாக டிடிபியும் அச்சு வேலையும் செய்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா நிகழ்ச்சி நிரல், கடைகளுக்கு பில் புத்தகம் என்று எழுத்தோடுதான் நாள் போகிறது. எழுத்து இருக்கும் இடத்தில் பிழையும் இருக்கும். எத்தனை முறை புரூஃப் பார்த்தாலும் ஒரு கால் எழுத்தோ ஒரு புள்ளியோ கண்ணுக்குத் தப்பிவிடும். அப்படிப்பட்ட சின்னப் பிழையைச் சரிசெய்துவிட்டு, 'சாரமில்லை', அதாவது பரவாயில்லை, என்று மனதிலிருந்து விடப் பழகுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் வரவேற்பு நேரத்தை மாலை 5 மணி என்பதற்குப் பதில் 6 மணி என்று அடித்துவிட்டேன். 400 பத்திரிகையும் கைமாறிய பிறகுதான் பார்த்தேன். கை நடுங்க போன் செய்தேன். பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாரமில்ல மக்களே, ஒரு ஸ்டிக்கர் அடிச்சுத் தா. வீட்டுல பிள்ளைங்க இருந்து ஒட்டிரும்" என்றார். அரை மணி நேரத்தில் ஸ்டிக்கர் அடித்தேன். மறுநாள் காலையில் எல்லாம் ஒட்டி முடித்துவிட்டார்கள். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

நான்தான் அதை விடவில்லை. பதினோரு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த நாட்களில்தான் என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் முதல்முறையாக மேடையேறி ஆடினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவள் என்ன பாட்டுக்கு ஆடினாள், எந்தக் கையை எப்படி வைத்தாள் என்று இன்று யோசித்தால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் மனம் முழுக்க அந்த 6 மணியில்தான் இருந்தது. பத்திரிகைப் பிழையைச் சரிசெய்ய ஒரு தாள் ஸ்டிக்கர் போதுமாக இருந்தது. அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு வழியே இல்லை.

அதற்குப் பிறகுதான் சின்னப் பிழையை விட்டுவிடுவதை ஒரு தொழிலைப் பழகுவது போலப் பழக ஆரம்பித்தேன். எனக்குப் பயன்பட்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். 'சாரமில்லை' என்ற சொல்லைச் சுற்றித்தான் எல்லாம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் மலையாள வாடை நிறையவே உண்டு. 'பரவாயில்லை' என்று மற்ற ஊர்களில் சொல்லும் இடத்தில் இங்கே 'சாரமில்ல' என்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, விடு என்று அர்த்தம். 'மக்களே' என்பது இங்கே ஒருவரையே அன்பாகக் கூப்பிடும் சொல்.

முதலில் பிழை சின்னதுதானா என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் சாரமில்லை சொல்லிவிட முடியாது. நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இதனால் யாருடைய உடம்புக்காவது கேடு வருமா? அடுத்தவருடைய பணமோ பெயரோ போகுமா? ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய முடியாததா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அது சின்னப் பிழை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தது, வண்டியைக் கவனமில்லாமல் ஓட்டியது, சீட்டுப் பணத்தைக் கணக்கில் விட்டது இவையெல்லாம் சின்னதில்லை. அவற்றை இந்தக் கட்டுரையின் வழியில் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சாரமில்லை என்பது நஷ்டப்பட்டவர் சொல்ல வேண்டிய சொல். அடுத்தவர் தலையில் நஷ்டத்தை வைத்துவிட்டு நாமே முந்திக்கொண்டு சாரமில்லை என்றால் அது அழகில்லை. சரிசெய்து கொடுத்த பிறகு நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

சரிசெய்ய வேண்டியதை முடியுங்கள்

விட்டுவிடுவது என்றால் கண்டும் காணாமல் போவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. சரிசெய்யாமல் விட்ட பிழைதான் ராத்திரி வந்து எழுப்பும். புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே ஆட்களின் நினைவில் அதிகம் தங்கியதாக எழுதினார். 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதில் இன்னொரு விஷயத்தைக் காட்டினார்கள். வேலையை முடித்திருக்கக்கூட வேண்டாம். எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அது மனதை நச்சரிப்பது குறைகிறது. இது நமக்கு நல்ல சேதி. ராத்திரி பத்து மணிக்குப் பிழை தெரிய வந்தால், "காலை 9 மணிக்கு போன் செய்வேன், மதியத்துக்குள் புதிதாக அடித்துக் கொடுப்பேன்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கலாம்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. என்ன ஆனது, யார் தவறு, எப்போது சரியாகும், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். "அண்ணாச்சி, நோட்டீஸ்ல தேதி தப்பாயிட்டு. என் தப்புதான். சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தாறேன்." அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மேலும் கரண்ட் மேலும் பழி போட வேண்டாம். ஒரு முறை கேட்டால் மன்னிப்பு. மூன்று, நான்கு முறை கேட்டுக்கொண்டே இருந்தால் நம்மை ஆறுதல்படுத்தும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறோம்.

வீட்டிலும் இதே முறைதான். கல்யாணமாகி வந்த புதிதில் மீன்குழம்பில் உப்பு கூடிப்போனால், "மைனி, உப்பு கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் தேங்காய் அரைச்சு விடட்டுமா?" என்று நேரே கேட்டுவிடுவது நல்லது. மூடிவைத்துவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே பரிமாறினால் அன்றைக்கு உங்கள் சோறும் தொண்டையில் இறங்காது.

அடுத்த மரத்துக்குப் போங்கள்

என் சித்தப்பா அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர். இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பால்வெட்டு நுணுக்கமான வேலை. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி மேலோடு போனால் பால் வராது. ஆழமாகப் போனால் உள்ளே இருக்கும் வளரும் படலத்தில் காயம் படும். அந்த இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது வழவழப்பாக வளராமல் முண்டும் முடிச்சுமாக வரும். இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டும் கைக்கு எப்போதாவது ஒரு வெட்டு ஆழமாகத்தான் போகும்.

"அப்போ என்ன செய்வீங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அடுத்த மரத்துக்குப் போவேன்" என்றார். எனக்கு அப்போது அது அசட்டையாகப் பட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. ரப்பர் பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் குறைந்து பால் சுணங்கிவிடும். ஒரு மரத்தின் முன்னால் நின்று வருத்தப்பட்டால் மீதி மரங்களின் பால் சிரட்டைக்கு வராமலே போகும். காயப்பட்ட மரத்தை அவர் மறக்கவும் மாட்டார். அடுத்த முறை அந்த மரத்துக்கு வரும்போது கத்தியைச் சற்று நிதானமாகப் பிடிப்பார்.

இதை அச்சகத்தில் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரு பிழைக்கு ஒரே ஒரு மாற்றம். 5 மணி 6 மணியான பிறகு, எந்தப் பத்திரிகையானாலும் எண்களை மட்டும் தனியாக ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். தேதி, கிழமை, நேரம், போன் நம்பர். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் கையெழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொள்ள, நான் திரையைப் பார்த்துப் படிப்பேன். புதிதாகப் பழகுபவர்கள் பத்து விதிகளை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒரு மாற்றம் போதும். அதைச் செய்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முடிந்தது என்று உடம்புக்குக் காட்டுங்கள்

மனதுக்குச் சொன்னால் மட்டும் பல நேரம் போதவில்லை. ஏதாவது ஒரு செய்கை வேண்டும். எங்கள் வீட்டில் வெளியே போய்விட்டு வந்தால் முற்றத்தில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் அந்தத் தண்ணீரை இதற்கும் வைத்துக்கொண்டேன். அன்றைய பிழையைச் சரிசெய்தாயிற்று என்றால், கால் கழுவும்போது வாய்விட்டே "சாரமில்ல" என்று சொல்வேன். உங்களுக்கு கடை ஷட்டரை இழுக்கும் சத்தமாக இருக்கலாம், விளக்கேற்றுவதாக இருக்கலாம், ஒரு ஜெபமாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒரே செய்கையாக இருக்கட்டும்.

திரும்ப வரும், அப்போது

பிழையின் நினைப்பு திரும்ப வரத்தான் செய்யும். அதை அடக்கப் பார்க்காதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. "அதை நினைக்காதே" என்று நமக்கு நாமே சொல்வதும் இப்படித்தான் முடிகிறது.

அடக்குவதற்குப் பதில் அதற்கு ஒரு நேரம் கொடுங்கள். கவலைப்படுவதற்கென்றே தினமும் அரை மணி நேரத்தை ஒரே இடத்தில் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிப்போடும் முறையை 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் போர்கோவெக் என்பவரும் அவருடைய குழுவும் சோதித்து, பலன் இருப்பதாக எழுதினார்கள். நான் மாலை ஐந்தரைக்கு வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் எனக்குத் தேவைப்படவில்லை, ஒரு கருப்பட்டிக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். வீணான பில் தாள்களின் பின்பக்கத்தில் அன்றைக்கு உறுத்துவதை எழுதுவேன். காலையில் மலைபோல் தெரிந்தது எழுதிப் பார்த்தால் ஒன்றரை வரிதான் வரும். பகலில் தலைதூக்கினால் "ஐந்தரைக்கு வா" என்று சொல்லிவிடுவேன். படுக்கையை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். படுத்துக்கொண்டு யோசிக்கும்போது எல்லாமே இரண்டு மடங்காகத் தெரியும்.

எல்லோரும் பார்த்தார்களே என்ற கூச்சம்

ஆலயத் திருவிழாவில் வாசகம் படிக்கும்போது ஒரு சொல் தவறிவிட்டது, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சேலை முந்தானை கிழிந்திருப்பது தெரிந்தது, சொந்தக்காரர் வீட்டுச் சடங்கில் பெயரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டோம். பிழையைவிட இந்தக் கூச்சம்தான் பலரை அரிக்கிறது.

2000-இல் தாமஸ் கிலோவிச் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடகரின் பெரிய படம் போட்ட, அவர்கள் போடவே கூசும் டீ-ஷர்ட்டை அணியச் சொல்லி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டால், போட்டவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். இதைப் படித்த பிறகு நானும் பார்த்தேன். 5 மணி, 6 மணி விஷயத்தைப் பிறகு ஒரு நாள் அந்த வீட்டு ஆட்களிடமே கேட்டேன். பெண்ணின் சித்திக்கு ஸ்டிக்கர் ஒட்டியதே ஞாபகமில்லை. அன்றைக்குப் பாயசம் தீர்ந்துபோனதுதான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

இனி, அன்றைய நாளை அனுபவிப்பது

மேலே சொன்னதெல்லாம் கையைக் காலியாக்குவதற்கு. காலியான கையில் எதையாவது வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பழையதே வந்து உட்காரும். ஒரு நாளைக்கு ஒன்று என்று தொடங்குங்கள். காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்: இன்று இதை முழுதாகக் கவனிப்பேன்.

நம் மாவட்டத்தில் இதற்குப் பணம் அதிகம் வேண்டாம். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்குங்கள். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் வீட்டில் நாம் அதைப் பேப்பர் படித்துக்கொண்டேதான் தின்கிறோம். ஒரு நாள் ஒரே ஒரு பழத்தை எடுத்து, உரிக்கும் முன்னால் முகர்ந்து பாருங்கள். அந்தத் தோல் எத்தனை மெல்லிசு, நுனி எப்படிக் கூராக நீண்டு முடிகிறது என்று பாருங்கள். வாயில் வைத்ததும் கரைவதைக் கவனியுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கோடையில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் நின்று குடியுங்கள், பார்சல் வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம். டீக்கடையில் ரசவடை சூடாக வந்தால் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை போன் பையிலேயே இருக்கட்டும். ஆடி மாதம் திருநெல்வேலி பஸ்ஸில் போனால் ஆரல்வாய்மொழி கணவாயில் ஜன்னலைத் திறந்து வைத்து அந்தக் காற்றை முகத்தில் வாங்குங்கள். முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பஸ் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். தோவாளையில் இருட்டோடு பூச்சந்தை கூடும். ஒரு தடவையாவது வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அங்கே போய் வாருங்கள். பிச்சிப்பூவும் கொழுந்தும் ஒன்றாக மணக்கும் இடத்தில் பத்து நிமிடம் சும்மா நிற்கலாம். நம் பக்கத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிறது. "இன்னைக்கும் மழையா" என்று முகம் சுளிக்கும் நாட்கள் வருடத்தில் நிறைய. அதில் ஒரு நாள் ஓட்டுக்கூரையிலும் வாழை இலையிலும் மழை விழும் இரண்டு சத்தங்களைப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்.

சித்திரைப் பௌர்ணமி மாலையில் குமரி முனையில் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ குடும்பத்தோடு வருகிறார்கள். சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் நான் நாற்பது வயது வரை போனதில்லை, எப்போதும் ஏதாவது ஒரு வேலையைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் மகளோடு போனேன். மேற்கே மேகம் மூடிவிட்டது, நிலா மட்டும் தாமதமாகத் தெரிந்தது. கூட்டத்தில் அவள் என் தோளைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் கனம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

ஒரு நுணுக்கம்: பார்த்ததை அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். "இன்னைக்கு என்ன பார்த்தேன் தெரியுமா" என்று இரண்டு வாக்கியம். சொல்லும்போது அது இன்னொரு முறை நடக்கிறது. எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். முதல் வாரம் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது அவளை நிறுத்துவதுதான் கஷ்டம்.

அடுத்தவர் பிழைக்கும் இதே அளவுதான்

பிள்ளை புட்டுக்குழாயைக் கீழே போட்டால், கடைப் பையன் நோட்டீஸை ஒரு ஓரம் சாய்வாக வெட்டிவிட்டால், அந்த நேரம் நம் வாயில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். மற்றவர்களிடம் கத்துகிறவர் தனக்கு மட்டும் சாரமில்லை சொல்லிக்கொள்ள முடியாது. பிள்ளைகளிடம் "சாரமில்ல மக்களே, துடைப்பத்தை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். ஆறுதலும் இருக்கிறது, செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது.

சின்னதாகத் தெரியாமல் போனால்

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, எல்லாம் தன்னால்தான் என்றே தோன்றுகிறது என்றால் அது பிழையைப் பற்றிய விஷயமாக இருக்காது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

முதல் மாதம் எப்படித் தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் மாலை நேரத் தாளை மட்டும் எழுதுங்கள், நாளுக்கு மூன்று வரி. இரண்டாம் வாரம் கால் கழுவுவதோ விளக்கேற்றுவதோ, உங்கள் செய்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பழம், ஒரு மழை, ஒரு பஸ் ஜன்னல். இடையில் இரண்டு நாள் விட்டுப்போனால் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். அன்றைய தேதியைப் போட்டு, அன்றைய மூன்று வரியை மட்டும் எழுதுங்கள்.